டெஸ்ட் டியூபில் வாழும் பெனடிக்ட்: சர்க்கரையைக் காட்டிக்கொடுத்த நீலக் கரைசலின் கதை

பள்ளி லேபில் அந்த நீல நிற பாட்டிலைப் பார்க்காமல் பயாலஜி படித்தவர்கள் குறைவு. டெஸ்ட் டியூபில் கொஞ்சம் ஊற்றி, சோதிக்க வேண்டிய திரவத்தைச் சில சொட்டு விட்டு, கொதிக்கும் நீரில் ஐந்து நிமிடம் வைக்க வேண்டும். அவ்வளவுதான். நீலம் மாறாவிட்டால் சர்க்கரை இல்லை. பச்சையானால் லேசாக இருக்கிறது. மஞ்சள், ஆரஞ்சு என்று போய்ச் செங்கல் சிவப்பு வந்துவிட்டால் நிறையவே இருக்கிறது. பாட்டிலின் லேபிளில் உள்ள பெயர் 'பெனடிக்ட்'. யார் அவர்?

பேராசிரியர் வீட்டுப் பிள்ளை

ஸ்டான்லி ராசிட்டர் பெனடிக்ட் 1884-இல் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் பிறந்தவர். அப்பா அங்குள்ள பல்கலைக்கழகத்தில் தத்துவப் பேராசிரியர். மகனுக்குப் பிடித்துப்போனது வேதியியல். உள்ளூரில் பட்டம் முடித்து யேல் பல்கலைக்கழகம் போனார். உணவு வேதியியலில் பெயர்பெற்ற லஃபாயெட் மெண்டலிடம் ஆய்வு செய்து 1908-இல் டாக்டர் பட்டம் வாங்கினார். 1910 முதல் நியூயார்க்கில் உள்ள கார்னெல் மருத்துவக் கல்லூரிதான் அவருடைய இடம்.

பழைய டெஸ்டில் என்ன சிக்கல்?

சிறுநீரில் சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்க அதற்கு முன்பே ஒரு வழி இருந்தது. ஜெர்மன் வேதியியலாளர் ஃபெலிங் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் கொடுத்த கரைசல் அது. குளுக்கோஸ் போன்ற சில சர்க்கரைகள், நீல நிறச் செம்பு உப்பிலிருந்து சிவப்பு நிறச் செம்பு ஆக்சைடைப் பிரித்துக் கொடுத்துவிடும். தத்துவம் நல்லதுதான். ஆனால் நடைமுறையில் தொல்லை.

ஃபெலிங் கரைசலைக் கலந்து வைத்தால் நாளடைவில் கெட்டுப்போகும். அதனால் இரண்டு பாட்டிலில் தனித்தனியாக வைத்து, டெஸ்ட் செய்யும் நேரத்தில்தான் கலக்க வேண்டும். அதிலுள்ள கடுமையான காரம், கொஞ்சமாக இருக்கும் சர்க்கரையைச் செம்போடு சேரும் முன்பே சிதைத்துவிடும். போதாததற்கு, சிறுநீரில் இயல்பாகவே இருக்கும் யூரிக் அமிலம், கிரியாட்டினின் போன்றவையும் குழப்பிவிடும். சர்க்கரை நோய் இல்லாதவருக்கு இருப்பதாகவும், இருப்பவருக்கு இல்லை என்றும் வந்துவிட்டால் என்ன ஆவது?

பெனடிக்ட் செய்தது சின்ன மாற்றம்தான். காஸ்டிக் சோடாவை எடுத்துவிட்டு, மென்மையான சோடியம் கார்பனேட்டைப் போட்டார். செம்பு அடியில் படியாமல் இருக்க சோடியம் சிட்ரேட் சேர்த்தார். ஒரே பாட்டில், மாதக்கணக்கில் கெடாது, குறைந்த அளவு சர்க்கரையையும் காட்டும். 1909-இல் இந்த முறை வெளிவந்தபோது அவருக்கு 25 வயதுகூட நிறையவில்லை. 1911-இல் அமெரிக்க மருத்துவ சங்க இதழில் இதைப் பற்றி எழுதினார். லேபைத் தாண்டி டாக்டர்களின் மேசைக்குப் போனது கரைசல்.

வீட்டுக்குள் வந்த லேப்

அப்போது சர்க்கரை நோய்க்கு மருந்தே கிடையாது. சாப்பாட்டைக் கடுமையாகக் குறைத்துத்தான் நோயாளியின் நாட்களை நீட்டினார்கள். எவ்வளவு சாப்பிடலாம் என்பதை முடிவுசெய்ய, சிறுநீரில் சர்க்கரை வருகிறதா என்று அடிக்கடி பார்த்தாக வேண்டும். 1922-இல் கனடாவின் டொராண்டோவில் முதன்முதலாக நோயாளிக்கு இன்சுலின் போடப்பட்டது. அதன் பிறகு இந்த டெஸ்டின் தேவை இன்னும் கூடியது. நோயாளிகளே வீட்டில் எட்டுச் சொட்டு சிறுநீரைக் கரைசலில் விட்டு, சூடாக்கி, நிறம் பார்த்தார்கள். தன் உடம்புக்குள் நடப்பதை நோயாளி தானே தெரிந்துகொள்ள ஒரு வழி பிறந்தது.

எதைக் காட்டும், எதைக் காட்டாது?

பெனடிக்ட் கரைசல் எல்லாச் சர்க்கரையையும் பிடித்துவிடாது. டீயில் போடும் வெள்ளைச் சர்க்கரையைக் கரைத்து ஊற்றினால் நீலம் நீலமாகவே இருக்கும். மாவுச்சத்தும் அப்படித்தான். அது குளுக்கோஸ்கள் கோத்த நீண்ட சங்கிலி. அதைக் கண்டுபிடிக்க அயோடின் வேண்டும், நீலக்கருப்பாக மாறும். அதே மாவில் உமிழ்நீரைக் கலந்து சிறிது நேரம் விட்டால் சங்கிலி உடைந்து, பெனடிக்ட் டெஸ்டில் நிறம் மாறும். புரதத்துக்கும் செம்புதான் துணை: பையூரெட் சோதனையில் ஊதா நிறம் வரும். கொழுப்புக்குச் சூடான் சாயம்.

இன்னொரு குறையும் உண்டு. ரத்தத்தில் சர்க்கரை சுமார் 180 மில்லிகிராமைத் தாண்டினால்தான் பொதுவாகச் சிறுநீரில் தலைகாட்டும். அதற்குக் கீழே நடப்பது இந்த டெஸ்டில் தெரியாது. அதனால் ரத்தத்திலேயே சர்க்கரையை அளக்கும் முறைகளிலும் பெனடிக்ட் இறங்கினார். ஹார்வர்டின் ஆட்டோ ஃபோலினும் அதே வேலையில் இருந்தார். ஒருவர் முறையில் இன்னொருவர் குறை கண்டதில் இரண்டும் மெருகேறின.

இன்னொரு பெனடிக்ட்

1914-இல் அவர் ரூத் ஃபுல்டனைத் திருமணம் செய்தார். பின்னாளில் மானுடவியலில் உலகப் புகழ்பெற்ற ரூத் பெனடிக்ட் அவர்தான். குழந்தை இல்லை. இருவரின் பாதைகளும் விலகி, 1930 வாக்கில் பிரிந்தார்கள். கணவரின் பெயரிலேயே ரூத் தொடர்ந்து எழுதினார்.

உயிர்வேதியியலின் முக்கிய இதழ் ஒன்றுக்குக் கடைசிவரை ஆசிரியராக இருந்த ஸ்டான்லி, 1936 டிசம்பரில் 52 வயதில் இறந்தார். சில ஆண்டுகளில், 1941-இல், அதே செம்பு வேதியியல் மாத்திரை வடிவில் வந்தது. அடுப்பு தேவையில்லை, சொட்டு விட்டால் தானே கொதிக்கும். பிறகு காகிதப் பட்டை, அதன் பிறகு விரல் நுனியில் குத்திப் பார்க்கும் குளுக்கோமீட்டர். ஆஸ்பத்திரிகளில் நீலக் கரைசலின் வேலை பெரும்பாலும் முடிந்துபோச்சு. பள்ளி லேபில் மட்டும் அது இன்னும் ரிட்டயர் ஆகவில்லை.