பெயரை நீக்க மறுத்த பேராசிரியர்

பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு

முன்னுரை

நூலகத்தில் ஒரு நூலைத் தேடும்போது நாம் முதலில் நாடுவது நூற்பட்டியலையே. பட்டியலில் பெயர் இல்லையேல், அலமாரியில் நூல் இருந்தும் இல்லாததற்குச் சமம். உலகக் கணித அறிஞர்கள் எழுதும் நூல்களும் ஆய்வுக் கட்டுரைகளும் இக்காலத்தில் ஆண்டொன்றுக்கு ஒரு லட்சத்தைத் தாண்டுகின்றன. ஒரு நாட்டில் ஒருவர் அல்லும் பகலும் பாடுபட்டுக் காணும் விடையை, வேறொரு நாட்டில் இன்னொருவர் முன்பே கண்டு எழுதி வைத்திருக்கக்கூடும். அதை அவர் அறிவது எங்ஙனம்?

இதற்காகவே மதிப்புரைத் தொகுப்புகள் உள்ளன. வெளிவரும் ஒவ்வொரு கட்டுரையையும் அத்துறையில் வல்லவர் ஒருவர் படிப்பார். அதில் என்ன புதிதாகச் சொல்லப்பட்டுள்ளது என்பதைச் சில வரிகளிலோ ஒரு பக்கத்திலோ எழுதித் தம் பெயரையும் இடுவார். அம்மதிப்புரைகளைப் பொருள் வாரியாகவும் ஆசிரியர் பெயர் வாரியாகவும் அடுக்கி வைப்பார்கள். இவ்வாறு கணித உலகுக்கு இரண்டு பெரும் தொகுப்புகளைத் தந்தவர் ஒருவரே. அவர்தாம் ஓட்டோ நொய்கெபாவர். அவர் வாழ்க்கை வரலாற்றை இங்கே சுருக்கமாகக் காண்போம்.

பிறப்பும் இளமையும்

நொய்கெபாவர் 1899-ஆம் ஆண்டு மே 26-ஆம் நாள் ஆஸ்திரியா நாட்டின் இன்ஸ்புருக் நகரில் பிறந்தார். தந்தையார் இருப்புப்பாதை அமைக்கும் பொறியாளர். சிறு வயதிலேயே தாய் தந்தையரை இழந்த நொய்கெபாவர் கிராட்ஸ் நகரில் கல்வி கற்றார். கணக்கும் எந்திரங்களும் அவருக்குக் கற்கண்டு. கிரேக்க மொழியோ எட்டிக்காய்! 1917-இல், படையில் சேர்ந்தால் இறுதித் தேர்வு எழுதாமலேயே பள்ளிச் சான்றிதழ் கிடைக்கும் என்று அறிந்ததும் படையில் சேர்ந்துவிட்டார். அரசுத் தேர்வை எதிர்நோக்கி இருக்கும் எங்கள் வகுப்பினருக்கு இதைப் படித்தபோது சிரிப்பு வந்தது. ஆயினும் அவர் தப்பிச் சென்ற இடம் போர்முனை. பீரங்கிப் படையில் பணியாற்றிய அவர், போர் முடிந்தபோது இத்தாலியில் கைதிகள் முகாமில் அடைபட்டார். புகழ்பெற்ற தத்துவ அறிஞர் விட்கென்ஸ்டைனும் அங்கே கைதியாக இருந்தார். வீடு திரும்பிய பின், பெற்றோர் விட்டுச் சென்ற செல்வமும் பணவீக்கத்தில் கரைந்தது.

ஒரு மதிப்புரை தந்த திருப்பம்

கிராட்ஸிலும் மியூனிக்கிலும் பயின்ற பின், 1922-இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகருக்கு வந்தார். அக்காலத்தில் கணிதம் என்றாலே கோட்டிங்கன்தான். ரிச்சர்ட் கூரன்ட் அங்கே கணித நிலையத்தை வளர்த்து வந்தார். பெண்களுக்குப் பல்கலைக்கழக வாயில் எளிதில் திறவாத அந்நாளில், எம்மி நோத்தர் அம்மையாரும் அங்கே பாடம் நடத்தினார். அவரிடமும் நொய்கெபாவர் பயின்றார்.

அதன்பின் டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் சில காலம் தங்கினார். அணு அமைப்புப் பாடத்தில் நாம் படிக்கும் நீல்ஸ் போரின் தம்பியாகிய ஹரால்ட் போர் அங்கே கணிதப் பேராசிரியராக இருந்தார். பழைய எகிப்தியரின் கணக்கு ஏடு ஒன்றைப் பற்றி அப்போது ஒரு நூல் வெளிவந்திருந்தது. அதற்கு மதிப்புரை எழுதுமாறு ஹரால்ட் போர் நொய்கெபாவரைக் கேட்டுக் கொண்டார். அச்சிறு பணி அவரது வாழ்வையே மாற்றியது. பழங்கால மக்கள் எவ்வாறு கணக்கிட்டனர் என்னும் வினா அவர் மனத்தில் வேரூன்றியது. எகிப்தியரின் பின்னக் கணக்குகளை ஆராய்ந்து 1926-இல் முனைவர் பட்டம் பெற்றார். கிரேக்கத்துக்கு அஞ்சி ஓடியவர் பாபிலோனியரின் அக்காடிய மொழியைத் தாமே முயன்று கற்றார். 1927-இல், உடன் பயின்ற கிரெட்டே என்னும் பெண்ணை மணந்தார்.

மைய இதழ்

கணிதக் கட்டுரைகளுக்கு மதிப்புரை வெளியிடும் ஆண்டுத் தொகுப்பு ஒன்று 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே பெர்லினில் நடந்து வந்தது. ஆனால் ஓர் ஆண்டின் கட்டுரைகள் யாவும் வந்து சேர்ந்த பின்னரே அவ்வாண்டின் தொகுதி அச்சாகும். ஆகவே அது கைக்கு வருவதற்குள் சில ஆண்டுகள் கடந்துவிடும். பிந்தி வந்த செய்தியால் பயன் என்ன?

மதிப்புரைகள் வர வர உடனுக்குடன் அச்சிட்டால் என்ன என்று நொய்கெபாவரும் நண்பர்களும் எண்ணினர். 1931-இல் ஸ்பிரிங்கர் பதிப்பகத்தின் வாயிலாக ‘சென்ட்ரால்பிளாட்’ என்னும் இதழ் பிறந்தது. மைய இதழ் என்பது அதன் பொருள். பல நாட்டு அறிஞர்களும் ஆசிரியர் குழுவில் இடம்பெற்றனர். அவர்களுள் ஒருவர் இத்தாலிய யூதரான துல்லியோ லெவி-சிவிட்டா. ஐன்ஸ்டைன் தம் சார்பியல் கொள்கையை வகுக்கப் பயன்பட்ட கணிதத்தை வளர்த்தவர்களுள் அவரும் ஒருவர்.

இதழாசிரியரின் வேலை எளிதன்று. எந்தக் கட்டுரையை யாரிடம் அனுப்புவது, யார் நடுநிலையுடன் எழுதுவார், யார் காலம் தாழ்த்துவார் என்பதெல்லாம் அவருக்கு நன்கு தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தவர் என்று புகழவும் கூடாது; பிடிக்காதவர் என்று விட்டுவிடவும் கூடாது.

சோதனைக் காலம்

1933-இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். யூத இனத்தில் பிறந்த ஒரே காரணத்தால் கூரன்டும் எம்மி நோத்தரும் பிறரும் பணியிலிருந்து அகற்றப்பட்டனர். கூரன்டின் இடத்தில் நொய்கெபாவர் தலைவராக்கப்பட்டார். புதிய ஆட்சிக்கு விசுவாச உறுதிமொழியில் கையொப்பமிடும்படி அவரைக் கேட்டனர். அவர் மறுத்தார். அப்பதவியில் அவர் இருந்தது ஒரே ஒரு நாள்தான்!

அவர் யூதர் அல்லர் என்பதை நாம் இங்கே கருத வேண்டும். ஒரு கையெழுத்தைப் போட்டிருந்தால் வீடும் பதவியும் நிலைத்திருக்கும். அவரோ 1934-இல் கோபன்ஹேகனுக்குச் சென்றார். அங்கிருந்தபடியே இதழை நடத்தினார். பதவி இழந்து நாடு நாடாக அலைந்த அறிஞர்களின் கட்டுரைகளும் மதிப்புரைகளும் அதில் தொடர்ந்து இடம்பெற்றன.

1938-இல் இத்தாலியிலும் யூதருக்கு எதிரான சட்டங்கள் வந்தன. லெவி-சிவிட்டா உரோமைப் பல்கலைக்கழகப் பதவியை இழந்தார். அவ்வாண்டின் இறுதியில் ‘சென்ட்ரால்பிளாட்’ இதழின் அட்டையிலிருந்தும் அவர் பெயர் மறைந்தது. இதழாசிரியராகிய நொய்கெபாவரிடம் ஒரு வார்த்தை கூடக் கேட்கப்படவில்லை. ஜெர்மானியர் எழுதிய கட்டுரைகளை நாடு விட்டு வந்த யூதர்கள் மதிப்பிடக்கூடாது என்ற நெருக்குதலும் எழுந்தது.

ஒரே ஒரு பெயர்தானே போயிற்று, இதழ் பிழைத்தால் போதும் என்று அவர் எண்ணியிருக்கலாம். ஏழாண்டுகள் கண்ணை இமை காப்பதுபோல் காத்த இதழ் அது! ஆனால் பிறப்பைப் பார்த்துப் பெயரை நீக்கும் பட்டியல் உண்மையான பட்டியல் ஆகாது என்பதை அவர் உணர்ந்திருந்தார். ஆசிரியர் பொறுப்பைத் துறந்தார். ஹரால்ட் போர் உள்ளிட்ட பல நாட்டு அறிஞர்களும் அவரோடு விலகினர்.

மீண்டும் முதலிலிருந்து

செய்தி அறிந்த அமெரிக்கக் கணித அறிஞர்கள் ஒன்று கூடினர். ஏற்கெனவே ஓர் இதழ் இருக்க இன்னொன்று எதற்கு என்று கேட்டவர்களும் இருந்தனர். முடிவில், புதிய இதழ் வேண்டும் என்று அமெரிக்கக் கணிதக் கழகம் தீர்மானித்தது. 1939-இல் நொய்கெபாவர் கப்பலேறி, பிராவிடன்ஸ் நகரிலுள்ள பிரவுன் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். 1940 ஜனவரியில் ‘மேதமேட்டிக்கல் ரிவியூஸ்’ இதழின் முதல் வெளியீடு வந்தது. ஐரோப்பா போரில் எரிந்துகொண்டிருந்த அவ்வாண்டிலேயே இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மதிப்புரைகள் அச்சாயின! இட்லர் ஆட்சியால் ஜெர்மனியை விட்டு வெளியேறிய வில்லியம் ஃபெல்லர் என்ற அறிஞர் அவருக்கு வலக்கரமாக விளங்கினார்.

லெவி-சிவிட்டா 1941-இல் உரோமையில் காலமானார். நாஜி ஆட்சி 1945-இல் வீழ்ந்தது. மதிப்புரைகளோ இன்றும் வளர்ந்து வருகின்றன. 1996 முதல் அவை கணினி வழியே ‘மேத்சைநெட்’ என்னும் பெயரில் கிடைக்கின்றன. முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்களையும் கட்டுரைகளையும் பற்றிய குறிப்புகள் அதில் அடங்கியுள்ளன. அவர் விட்டு வந்த பழைய இதழும் போருக்குப் பின் புத்துயிர் பெற்று, 2021 முதல் யாவரும் கட்டணமின்றிக் காணும் தொகுப்பாகத் திகழ்கின்றது. இரண்டுக்கும் ஆயிரக்கணக்கான ஆசிரியப் பெருமக்கள் தம் ஓய்வு நேரத்தில் மதிப்புரை எழுதி வருகின்றனர்.

களிமண் ஏடுகளும் சோழிகளும்

இதழ்ப் பணியைச் சில ஆண்டுகளில் பிறரிடம் ஒப்படைத்த நொய்கெபாவர், பழங்கால அறிவியலில் மீண்டும் மூழ்கினார். பாபிலோனியர் களிமண் ஏடுகளில் எழுதி வைத்த வானியலை முதலில் வாசித்து விளக்கியவர்கள் ஸ்ட்ராஸ்மையர், எப்பிங், கூக்லர் என்னும் இயேசு சபைக் குருக்கள் மூவர். அவர்கள் இட்ட அடித்தளத்தின் மீதே நொய்கெபாவர் மாளிகை எழுப்பினார். பித்தாகரஸ் தேற்றத்தை நாம் வகுப்பில் படிக்கிறோம். பித்தாகரஸுக்கு ஓராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பாபிலோனியர் அவ்வகை எண்களை அறிந்திருந்தனர் என்பதை, நண்பர் சாக்ஸ் என்பவருடன் சேர்ந்து 1945-இல் வெளியிட்ட நூலில் அவர் எடுத்துக் காட்டினார்.

நம் தமிழ்நாட்டவர் மகிழத்தக்க செய்தி ஒன்றும் உண்டு. 1825-இல் சென்னையில் அச்சான ‘கால சங்கலிதம்’ என்னும் நூலில் ஜான் வாரன் என்பவர் ஒரு நிகழ்ச்சியைக் குறித்துள்ளார். புதுச்சேரியில் பஞ்சாங்கம் கணிக்கும் தமிழர் ஒருவர், தரையில் சோழிகளை அடுக்கி, மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களைக் கொண்டே சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். கிரகணத்தின் முடிவில் அவர் கணக்கு 52 நிமிடம் பிசகியது. தொடக்கத்திலோ பிசகு 4 நிமிடமே! நொய்கெபாவர் இதனை ஆராய்ந்து, பண்டைப் பாபிலோனிய முறையின் இழை இத்தனை நூற்றாண்டுகள் கடந்து தமிழ் மண்ணில் உயிரோடு இருந்ததை 1952-இல் கட்டுரையாக எழுதினார். சோழிகளை வைத்துக் கணக்கிட்டவரை அவர் எள்ளி நகையாடவில்லை. எங்கிருந்து வந்தாலும் அறிவு அறிவே என்பது அவர் கொள்கை.

இறுதி நாட்கள்

1975-இல் பண்டைக் கணித வானியலின் வரலாற்றை மூன்று தொகுதிகளாக வெளியிட்டார். எண்பது வயதிலும் எத்தியோப்பியக் கிறிஸ்தவர்களின் நாட்காட்டியை ஆராய்ந்துகொண்டிருந்தார். 1986-இல் பால்சான் பரிசு அவரைத் தேடி வந்தபோது, பரிசுத் தொகை முழுவதையும் பிரின்ஸ்டன் உயராய்வு நிலையத்துக்கே வழங்கிவிட்டார். 1990 பிப்ரவரி 19-ஆம் நாள், தம் 90-ஆம் வயதில் பிரின்ஸ்டனில் அவரது ஆவி பிரிந்தது.

முடிவுரை

அன்புத் தோழியரே! நாமும் பட்டியல் எழுதுகிறவர்கள்தாம். வகுப்புத் தலைவி பெயர்களைக் குறிக்கிறாள். விளையாட்டில் அணி பிரிக்கிறோம். யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது என்று நாள்தோறும் நாமே தீர்மானிக்கிறோம். ஒருத்தியின் ஊரையோ, சாதியையோ, ஆடையையோ பார்த்து அவள் பெயரை ஓசையின்றி விட்டுவிடுவது எவ்வளவு எளிது! மற்றவர்களும் மௌனமாக இருந்துவிட்டால் அது யாருக்கும் தெரியாமலே போய்விடும்.

நொய்கெபாவர் மௌனமாக இருக்கவில்லை. ஒரு நண்பரின் பெயருக்காகத் தாம் வளர்த்ததை விட்டு, நாற்பதாம் வயதில் அயல்நாட்டில் மீண்டும் முதல் பக்கத்திலிருந்து தொடங்கினார். அவரைப் போன்ற அறிவு நமக்கு வாய்க்காமல் போகலாம். அந்த நேர்மையைப் பழகுவதற்குப் பெரிய கணிதம் எதுவும் தேவையில்லை. அடுத்த முறை நாம் எழுதும் பெயர்ப் பட்டியலிலேயே அதனைத் தொடங்குவோம்.