கீரையிலிருந்து வந்த மருந்து - விஞ்ஞானி சுப்பாராவ்



எங்க அத்தை பையனுக்கு 6 வயசு. அவனுக்கு ரத்தப் புற்றுநோய். ரொம்ப மெலிஞ்சு போயிட்டான். எங்க அப்பத்தா அவனுக்கு ஒரு சத்து டானிக் வாங்கிட்டுப் போனாங்க. கேட்காமல் எந்த வைட்டமினும் கொடுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். புள்ளைக்குச் சத்து கொடுத்தால் என்ன தப்பு என்று அப்பத்தா அழுதாங்க. எனக்கும் கோபம்தான். எங்க அறிவியல் டீச்சரிடம் கேட்டேன். அவங்க சொன்ன கதைதான் இந்த வாழ்க்கை வரலாறு.

எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895 ஜனவரி 12 அன்று பீமவரத்தில் பிறந்தார். அது அப்போது சென்னை மாகாணம், இப்போது ஆந்திரப் பிரதேசம். ஏழைக் குடும்பம். 13 வயசில் காசிக்குப் போய் வாழைப்பழம் விற்றுச் சம்பாதிக்கலாம் என்று வீட்டை விட்டு ஓடினார். அவர் அம்மா விடாமல் பிடித்துக் கூட்டி வந்து படிக்க வைத்தார். மெட்ரிக் தேர்வில் இரண்டு முறை தோற்று, மூன்றாவது முறை சென்னையில் பாஸ் செய்தார். தேர்வில் தோற்றவர்கள் இதைக் கவனிக்கவும்!

பிறகு சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். காந்தியடிகள் சொன்னதைக் கேட்டுக் கதர் உடுத்தினார். அது வெள்ளைக்காரப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. அதனால் எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்காமல், அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழ்தான் கிடைத்தது.

அவருடைய சகோதரர்கள் இருவர் ஸ்ப்ரூ என்ற நோயால் அடுத்தடுத்து இறந்தார்கள். அந்த நோய் வந்தால் சாப்பிட்ட சத்து உடம்பில் சேராது. வயிற்றுப்போக்கும் ரத்தசோகையும் வரும். சுப்பாராவுக்கும் அது வந்தது. ஆயுர்வேத மருத்துவத்தால் பிழைத்தார்.

பிறகு அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்துக்குப் போனார். இரவில் ஆஸ்பத்திரியில் எடுபிடி வேலை, பகலில் ஹார்வர்டில் படிப்பு. நம் உடம்புக்குச் சக்தி தரும் ஏ.டி.பி. என்ற பொருளை ஃபிஸ்கே என்பவரோடு சேர்ந்து 1929ல் வெளியிட்டார். ஆனாலும் ஹார்வர்டில் நிரந்தர வேலை தரவில்லை. 1940ல் லெடர்லே என்ற மருந்துக் கம்பெனியின் ஆய்வுக்கூடத்துக்குப் போய்விட்டார்.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். ஃபோலிக் அமிலம் என்று ஒரு வைட்டமின் உண்டு. லத்தீனில் இலை என்று பொருள் தரும் சொல்லிலிருந்து அந்தப் பெயர் வந்தது. 1941ல் வேறு விஞ்ஞானிகள் 4 டன் பசலைக் கீரையிலிருந்து அதைக் கொஞ்சூண்டு பிரித்து எடுத்தார்கள். சுப்பாராவின் குழு 1945ல் அதை ஆய்வுக்கூடத்திலேயே செய்துவிட்டது. தன் சகோதரர்களைக் கொன்ற ஸ்ப்ரூ நோயும் அதனால் குணமானது. நம் பள்ளியில் வாரம் ஒரு தடவை தருகிற இரும்புச்சத்து மாத்திரையில் இதுவும் இருக்கிறது.

பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற டாக்டர், ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு இந்த வைட்டமின் வகைகளைக் கொடுத்துப் பார்த்தார். நோய் குறையவில்லை, வேகமாக வளர்ந்தது! ஏன் என்றால், ஒரு செல் இரண்டாகப் பிரிய ஃபோலிக் அமிலம் வேண்டும். நல்ல செல்லுக்கும் வேண்டும், புற்றுநோய் செல்லுக்கும் வேண்டும். புற்றுநோய் செல்லோ நிற்காமல் பிரிந்துகொண்டே இருக்கும்.

அப்படியானால் அந்த வைட்டமினைத் தடுத்தால்? சுப்பாராவின் குழு அதே போலத் தோற்றம் உள்ள வேறு பொருளைச் செய்தது. பூட்டுக்குள் போலிச் சாவி போய் மாட்டிக்கொள்வது மாதிரி அது செல்லின் வேலையை நிறுத்திவிடும். அதன் பெயர் அமினோப்டெரின். ஃபார்பர் அதை 16 குழந்தைகளுக்குக் கொடுத்தார். 10 பேருக்கு நோய் குறைந்தது. கொஞ்ச காலம்தான் குறைந்தது, ஆனாலும் அதற்கு முன்னால் அப்படி நடந்ததே இல்லை. இது 1948 ஜூனில் வெளிவந்தது.

அதே ஆண்டு ஆகஸ்டில், 53 வயதில், சுப்பாராவ் தூக்கத்திலேயே இறந்துவிட்டார். மனைவியை ஊரில் விட்டுப் போனவர் திரும்பி வரவே இல்லை. யானைக்கால் நோய்க்கு ஊர் ஊராகக் கொடுத்த டி.இ.சி. மாத்திரையும் அவர் குழு கண்டுபிடித்ததுதான். 1995ல் நம் நாடு அவருக்குத் தபால்தலை வெளியிட்டது.

அமினோப்டெரினின் தம்பி மாதிரியான மருந்து மெத்தோட்ரெக்சேட். அதுவும் அவர் குழு செய்ததே. மற்ற மருந்துகளோடு அதையும் சேர்த்துக் கொடுத்து, இன்று நல்ல சிகிச்சை கிடைக்கிற குழந்தைகளில் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். எங்க அத்தை பையன் வாரம் ஒருநாள் சாப்பிடுகிற மஞ்சள் மாத்திரை அதுதான். இதை அப்பத்தாவிடம் விளக்கிச் சொன்னேன். டானிக் பாட்டிலைத் தூக்கிப் பரண் மேல் வைத்துவிட்டாங்க.

தோழிகளே, இதனால் வைட்டமின் கெட்டது என்று நினைக்காதீர்கள். அது குறைந்தால் ரத்தசோகை வரும். கீரையும் பயறும் நமக்குக் கட்டாயம் வேண்டும். அதற்காக நிறைய வைட்டமின் மாத்திரை விழுங்கினால் புற்றுநோய் வராது என்பதும் உண்மை இல்லை. யாருக்கு, எப்போது, எவ்வளவு என்பதுதான் முக்கியம்.

நான் முன்பு பள்ளியில் தருகிற மாத்திரையை ஜன்னல் வழியாக எறிந்துவிடுவேன். டீச்சர் மன்னிக்கவும். இப்போது விழுங்குகிறேன்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி