ஹிட்லருக்குப் பணியாத வில்லன் நடிகர்

கொலைகாரன், மந்திரவாதி, கொடுங்கோல் மன்னன், ஒற்றன்! இப்படிப்பட்ட வேடங்கள் என்றால், ஒரு காலத்தில் ஐரோப்பியப் பட முதலாளிகளுக்கு உடனே நினைவுக்கு வரும் பெயர் கான்ராட் வெய்ட்.

இவர் ஜெர்மன் நடிகர். நூற்றுக்கு மேற்பட்ட படங்களில் நடித்தவர். திரையில் இவர் செய்யாத கொடுமை இல்லை. ஆனால் வாழ்க்கையில், அநியாயத்துக்குத் தலைவணங்க மறுத்து, பிறந்த நாட்டையே விட்டு வெளியேறியவர்!

கடைசி மாணவன்

1893-ம் ஆண்டு ஜனவரி 22-ந்தேதி பெர்லின் நகரில் வெய்ட் பிறந்தார். எளிய குடும்பம். தந்தை சிறிய அரசாங்க உத்தியோகஸ்தர். அண்ணன் ஒருவன் சிறுவயதிலேயே ஸ்கார்லெட் காய்ச்சலில் இறந்துபோனான்.

ஒருமுறை தந்தைக்கு இருதயத்தில் ஆபரேஷன் செய்ய வேண்டி வந்தது. கேட்ட பணத்தைக் கொடுக்கக் குடும்பத்துக்கு வசதி இல்லை. முடிந்ததைக் கொடுத்தால் போதும் என்று கூறி, டாக்டர் ஆபரேஷனை முடித்துக் கொடுத்தார். அந்த நல்ல மனதைக் கண்ட சிறுவன் வெய்ட், தானும் டாக்டர் ஆக வேண்டும் என்று ஆசைப்பட்டான்.

ஆனால் படிப்பு ஏறவில்லை. வகுப்பில் 13 மாணவர்கள். அவர்களில் வெய்ட் 13-வது! 1912-ல் பட்டயம் எதுவும் இல்லாமலே பள்ளியை விட்டு வெளியேறினார்.

இதற்கிடையே பள்ளி நாடகம் ஒன்றில் முன்னுரை சொல்லும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்திருந்தது. நாடகம் சோபிக்கவில்லை. ஆனால், முன்னுரை சொன்ன பையன் நன்றாகப் பேசினான் என்று எல்லோரும் பாராட்டினார்கள். அன்றே நடிப்பு ஆசை பற்றிக்கொண்டது.

ஜன்னலைப் பார்த்த முதலாளி

நடிகர்கள் என்றால் நாடோடிகள் என்பது தந்தையின் எண்ணம். தாயோ மகன் பக்கம் நின்றார். தாய் கொடுத்த பணத்தையும், சில்லறை வேலைகள் செய்து சம்பாதித்ததையும் கொண்டு, வெய்ட் நாடகம் நாடகமாகப் பார்த்தார்.

அப்போது பெர்லினில் மாக்ஸ் ரைன்ஹார்ட் என்பவரின் நாடக சபை புகழ் பெற்று விளங்கியது. அதன் வாயிற்காவலரை வெய்ட் சிநேகம் பிடித்தார். அவர் மூலம் ஒரு நடிகரிடம் சில பாடங்கள் கற்றுக்கொண்டு, ரைன்ஹார்ட் முன்னால் போய் நின்றார்.

வெய்ட் உணர்ச்சியோடு வசனம் பேசினார். ரைன்ஹார்ட் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டே இருந்தார்! இனி வேலை கிடைத்தாற்போலத்தான் என்று வெய்ட் மனம் உடைந்தார். ஆனால் வேலை கிடைத்தது. கும்பலில் வந்து போகும் துணை நடிகர் வேலை. மாதச் சம்பளம் 50 மார்க்.

1914-ல் முதல் உலகப் போர் மூண்டது. வெய்ட் பட்டாளத்தில் சேர்க்கப்பட்டு, கிழக்குப் போர்முனைக்கு அனுப்பப்பட்டார். அங்கே மஞ்சள் காமாலையும் நிமோனியாவும் ஒருசேரத் தாக்கின. பிழைத்து எழுந்தவர், சிப்பாய்களுக்காக நாடகம் நடத்தும் குழுவில் நடித்தார். 1917-ல் ராணுவத்திலிருந்து விடுபட்டு, மீண்டும் பெர்லின் மேடைக்கு வந்தார். அந்த ஆண்டே சினிமாவிலும் புகுந்தார்.

தூக்கத்தில் நடந்த கொலைகாரன்

அது ஊமைப் படக் காலம். முகமும் கண்ணும்தான் பேச வேண்டும். வெய்ட்டோ ஆறடிக்கு மேல் உயரம், ஒடிசலான உடல், கூர்மையான முகம், ஊடுருவும் கண்கள். வேறு என்ன வேண்டும்?

1920-ல் வெளிவந்த ‘டாக்டர் காலிகரி’ படம் அவரை உலகம் அறியச் செய்தது. சவப்பெட்டி போன்ற பெட்டிக்குள் தூங்கிக்கொண்டே இருக்கும் இளைஞன் வேடம் அவருக்கு. எஜமான் கட்டளையிட்டால், தூக்கத்திலேயே எழுந்து போய்க் கொலை செய்துவிட்டு வருவான். கோணல் மாணலாக வரைந்த தெருக்களில், கறுப்பு உடையில் சுவரோடு சுவராக வெய்ட் நகர்ந்து வரும் காட்சியைக் கண்டு ரசிகர்கள் நடுங்கினார்கள்.

1921-ல் ‘இந்தியக் கல்லறை’ என்ற படத்தில் இந்திய மகாராஜாவாக நடித்தார். இந்தியாவுக்கு வந்தல்ல, பெர்லினுக்குப் பக்கத்தில் அரண்மனையும் கோவிலும் போல் செட் போட்டுப் படம் எடுத்தார்கள்!

அழ முடியாத முகம்

புகழ் அமெரிக்கா வரை எட்டியது. ஹாலிவுட் அழைத்தது. 1928-ல் ‘சிரிக்கும் மனிதன்’ வந்தது. பிரெஞ்சு ஆசிரியர் விக்டர் ஹியூகோவின் நாவல் அது.

தகப்பன் மீதுள்ள கோபத்தால், மகனின் வாயை அறுத்து, என்றும் சிரித்தபடியே இருக்கச் செய்துவிடுகிறான் அரசன். உள்ளம் அழும், முகம் சிரிக்கும்! இந்த வேடத்துக்காக வெய்ட் வாயில் பொய்ப்பல் பொருத்தி, உதட்டோரங்களைக் கொக்கியால் இழுத்து வைத்தார்கள். அதை மாட்டிக்கொண்டால் சரியாகப் பேச முடியாது. கண்களால் மட்டுமே அழுது நடித்தார்.

1940-ல் அமெரிக்கப் படக்கதைப் புத்தகத்தில் தோன்றிய ‘ஜோக்கர்’ என்ற வில்லனின் முகத்துக்கு வித்திட்டது இந்தச் சிரிப்புதான்.

பேசும் படம் வந்தது. வெய்ட்டின் ஆங்கிலம் அப்போது போதாது. 1929-ல் தாய்நாட்டுக்குத் திரும்பினார்.

ஒரே ஒரு சொல்

1933-ல் ஹிட்லர் பதவிக்கு வந்தான். யூதர்களைச் சினிமாவிலிருந்து விரட்டத் தொடங்கினார்கள். கலைஞர்கள் ஒவ்வொருவரும் தாம் எந்த இனம் என்று படிவத்தில் எழுதித் தர வேண்டும் என்று உத்தரவு.

வெய்ட் யூதர் அல்ல. ஆனால் அந்த ஆண்டு அவர் மணந்துகொண்ட லில்லி, யூதப் பெண். மனைவியைக் கைவிட்டிருந்தால், பணமும் பதவியும் அவர் காலடியில் கிடந்திருக்கும். வெய்ட் பேனாவை எடுத்தார். இனம் என்ற இடத்தில், யூதன் என்று எழுதிக் கொடுத்தார்!

மனைவியோடு இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். பிறகு ஒரு படப்பிடிப்புக்காக ஜெர்மனி சென்றபோது, உடல் நலமில்லை என்று பொய்க் காரணம் சொல்லி அதிகாரிகள் அவரைத் தடுத்து வைத்தனர். பிரிட்டிஷ் படக் கம்பெனி தன் டாக்டரை அனுப்பிப் பார்க்கச் சொன்ன பிறகே விடுதலை கிடைத்தது.

மைசூர்ச் சிறுவனோடு

ஆங்கிலத்தைப் பாடுபட்டுக் கற்று, இங்கிலாந்திலும் முன்னணிக்கு வந்தார். பிரிட்டிஷ் குடிமகன் ஆனார். 1940-ல் ‘பாக்தாத் திருடன்’ வண்ணப் படத்தில் மந்திரவாதி ஜாபர் அவர்தான். அவரை எதிர்த்து நிற்கும் சிறுவனாக நடித்தவர், மைசூர் யானைப்பாகன் மகன் சாபு. லண்டனில் தொடங்கிய அந்தப் படம், போர் மூண்டதால் அமெரிக்காவில் முடிக்கப்பட்டது. மூன்று ஆஸ்கார் பரிசுகளையும் பெற்றது.

சேர்த்து வைத்த பணத்தில் பெரும் பகுதியை வெய்ட், பிரிட்டனின் போர் முயற்சிக்கு அளித்தார்.

அமெரிக்காவில் அவரைத் தேடி வந்தவை நாஜி வேடங்கள்! அவர் மறுக்கவில்லை. ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். நாஜியைக் கெட்டவனாகவே காட்ட வேண்டும். 1942-ல் வந்த ‘காஸாபிளாங்கா’ படத்தில் மேஜர் ஸ்டிராசர் என்ற நாஜி அதிகாரியாக வந்தார். சம்பளம் வாரத்துக்கு 5 ஆயிரம் டாலர். நாஜிகளுக்கு அஞ்சி ஓடிவந்த நடிகர்கள் பலர் அந்தப் படத்தில் இருந்தார்கள். யாரிடமிருந்து தப்பி வந்தாரோ, அவர்களுடைய உடையையே மாட்டிக்கொண்டு நடித்தார் வெய்ட். அவர்களின் ஆணவத்தை உலகம் கண்டு வெறுக்க வேண்டும் என்பதே அவர் எண்ணம்.

திடீர் மரணம்

1943-ம் ஆண்டு ஏப்ரல் 3-ந்தேதி. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் கோல்ப் ஆடிக்கொண்டிருந்தார். திடீரென்று மாரடைப்பு. அங்கேயே உயிர் பிரிந்தது. வயது 50.

ஹிட்லரின் வீழ்ச்சியைக் காண அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. அது நடந்தது 1945-ல்.

மனைவி லில்லி 1980-ல் காலமானார். 1998-ல் இருவருடைய அஸ்தியும் லண்டன் கோல்டர்ஸ் கிரீன் மயானத்தில் ஒன்றாக வைக்கப்பட்டது. எந்த மனைவிக்காக நாட்டைத் துறந்தாரோ, அந்த மனைவியோடு, தமக்குப் புகலிடம் தந்த ஊரிலேயே அவர் ஓய்வு கொள்கிறார்.