மீண்டும் துவக்கிய ரிச்சி

கணிப்பொறி திடீரென்று உறைந்து நின்றுவிட்டால் நாம் என்ன செய்கிறோம்? நிறுத்தி, மீண்டும் துவக்குகிறோம். இந்த எளிய வழியை வெட்கமின்றித் தம் படைப்பிற்குள்ளேயே ஏற்றுக்கொண்ட அறிஞர் ஒருவர் இருந்தார். சி மொழி பயிலும் மாணவர் அனைவரும் அறிந்த டென்னிஸ் ரிச்சிதான் அவர்.

1941-ஆம் ஆண்டு செப்டம்பர் 9-ஆம் நாள் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தார். தந்தையார் அலிஸ்டர் ரிச்சி, புகழ்பெற்ற பெல் ஆய்வுக்கூடத்தில் அறிவியலறிஞர். மகன் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பயின்று, 1967-இல் தந்தை இருந்த கூடத்திலேயே பணியில் சேர்ந்தார். 1968-இல் முனைவர் பட்ட ஆய்வேட்டையும் எழுதி முடித்தார். ஆனால் பட்டம் பெறவில்லை! பைண்டு செய்த படி ஒன்றை நூலகத்திற்குத் தரவேண்டும் என்பது விதி. அந்தச் செலவு நூலகத்தினுடையது என்று அவர் மறுத்துவிட்டதாக உடன் பயின்றவர் கூறியிருக்கிறார். வீட்டின் முதல் பட்டத்தை எதிர்பார்த்து அம்மா பீடி சுற்றிக்கொண்டிருக்கும் என் போன்றோர்க்கு இது விளங்காத துணிச்சல்தான். அறிஞர் வீட்டுப் பிள்ளைக்குப் பட்டம் ஒரு தாள்தான் போலும்!

அந்நாளில் பெல் கூடம், எம்.ஐ.டி., ஜெனரல் எலக்ட்ரிக் ஆகிய மூன்றும் கூடி மல்டிக்ஸ் என்னும் மாபெரும் இயக்க முறைமையை உருவாக்கிக்கொண்டிருந்தன. வேலை நீண்டது; செலவு வளர்ந்தது. 1969-இல் பெல் விலகிக்கொண்டது. அவ்வாண்டிலேயே கென் தாம்சன், அதிகம் பயன்படாமல் கிடந்த பி.டி.பி.-7 என்ற சிறு கணிப்பொறியில் புதியதொரு முறைமையைத் தொடங்கினார். ரிச்சி தோள் கொடுத்தார். அதுவே யூனிக்ஸ். தொடக்கம் தாம்சனுடையது; எல்லாப் புகழையும் ரிச்சிக்கே சூட்டுவது முறையன்று. ஆயினும் 1972-இல் ரிச்சி சி மொழியை ஆக்கியதும், 1973-இல் யூனிக்ஸ் அம்மொழியில் மாற்றி எழுதப்பட்டதும்தான் அதைப் பல்வேறு இயந்திரங்களுக்கும் கொண்டுசென்றன.

மல்டிக்ஸ் குழுவிலிருந்த டாம் வான் விளெக் ஒரு நிகழ்ச்சியைப் பதிவு செய்திருக்கிறார். தாம் எழுதும் நிரலில் ஏறத்தாழப் பாதி, பிழை நேர்ந்தால் மீள்வதற்கானது என்று அவர் ரிச்சியிடம் சொன்னாராம். அவற்றையெல்லாம் தாங்கள் விட்டுவிட்டதாக ரிச்சி பதிலளித்தார். பெரும்பிழை நேர்ந்தால் 'பேனிக்' என்னும் சிறு நிரல் இயந்திரத்தை நிறுத்திவிடும். உடனே நடைவழியில், மீண்டும் துவக்குங்கள் என்று குரல் கொடுத்தால் போதும் என்றாராம். சோம்பல் என்று தோன்றலாம். ஆனால் உள்ளே எல்லாம் குழம்பியபின் தொடர்ந்து ஓடும் இயந்திரம், நல்ல கோப்புகளையும் கெடுத்துவிடக்கூடும். நிற்பதே நலம்.

அதற்காக, கண்டபடி மின்சாரத்தைத் துண்டித்துவிடலாகாது. யூனிக்ஸில் நாம் எழுதுவது உடனே வட்டில் பதிவதில்லை. வட்டு மெதுவானது, ஆகவே எழுத்து சிறிது நேரம் நினைவகத்தில் காத்திருக்கும். நம் தாமிரபரணிக் கரையில் கார் அறுவடை நெல் பத்தாயம் சேருமுன் களத்தில் கிடப்பதுபோல என்று கொள்ளுங்கள். அந்நேரம் மழை பிடித்துக்கொண்டால்? அதனால்தான் 'சிங்க்' என்னும் கட்டளை. களத்து நெல்லைப் பத்தாயத்தில் சேர்ப்பது அது. முப்பது நொடிக்கொருமுறை தானே அதனைச் செய்யும் நிரலும் இருந்தது. இன்று 'ரீபூட்' என்று தட்டினால், ஓடும் நிரல்களுக்கு முடித்துக்கொள்ளச் சொல்லி, நினைவகத்தில் உள்ளதை எழுதி முடித்து, வட்டுகளை விடுவித்த பிறகே கணிப்பொறி மறுபடி எழுகிறது. 1975-இல் வந்த ஆறாம் பதிப்பில் வேறொரு வசதியும் உண்டு. முகப்புப் பலகைச் சுவிட்சுகளில் 173030 என்ற எண்ணை வைத்துத் துவக்கினால், ஒருவர் மட்டும் அமர்ந்து பழுதுபார்க்கும் நிலையில் அது எழும்.

1978-இல் பிரையன் கெர்னிகனுடன் சேர்ந்து சி மொழி நூலை எழுதினார். 1983-இல் தாம்சனுடன் டியூரிங் விருது பெற்றார். 2007-இல் ஓய்வு. தனித்து வாழ்ந்த அவர் 2011 அக்டோபர் 12 அன்று தம் இல்லத்தில் இறந்து கிடக்கக் காணப்பட்டார். ஸ்டீவ் ஜாப்ஸ் மறைந்து ஒரு வாரமே ஆகியிருந்தது. உலகத்தின் கண்ணீர் பெரும்பாலும் அங்கே போய்விட்டது.

அதற்கு முந்திய மாதம், செப்டம்பர் 15 அன்றுதான் தமிழ்நாட்டில் மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் தொடங்கியிருந்தது. அவற்றில் விண்டோசுடன், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. துவக்கும்போது திரையில் வரும் பட்டியலில் அதைத் தேர்ந்த நெல்லைச் சீமைப் பிள்ளைகள், ரிச்சி என்ற பெயரைக் கேட்டிராமலேயே, அவர் வழிவந்த முறைமையைத் துவக்கிக்கொண்டிருந்தார்கள்.