மருத்துவ மாதரசி முத்துலட்சுமி

ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் தொண்டைமான் மன்னர்களின் ஆளுகையில் இருந்த தனியரசு புதுக்கோட்டை. அங்கு 1886-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 30-ஆம் நாள் முத்துலட்சுமி பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர் கல்விப் பணியில் சிறந்தவர், அன்னையார் சந்திரம்மாள். பெண் மக்கள் வளர்ந்ததும் பள்ளியை விட்டு நீங்குவதே அக்கால வழக்கம். முத்துலட்சுமியோ வீட்டிலிருந்தவாறே பயின்று மெட்ரிகுலேஷன் தேர்வில் வெற்றி பெற்றார். பின்னர், ஆண்களே பயின்றுவந்த மன்னர் கல்லூரியில் சேர விரும்பினார். ஊரில் எதிர்ப்பு மூண்டது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அவ்வெதிர்ப்பைப் பொருட்படுத்தாது அவருக்கு இடமளித்தார்.

அம்மையார் 1907-ஆம் ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912-ஆம் ஆண்டில் பட்டம் பெற்று வெளிவந்தார். 1914-ஆம் ஆண்டில் மருத்துவர் சுந்தர ரெட்டியை மணந்தார். மகப்பேறு மருத்துவத்திலும் குழந்தை மருத்துவத்திலும் கைதேர்ந்து, ஏழை எளியோர் நாடிவரும் மருத்துவராகத் திகழ்ந்தார்.

இந்நிலையில் அவருக்குப் பெருந்துயர் ஒன்று நேர்ந்தது. அவருடைய தங்கையார் நோயுற்றார். அது சீதபேதி என்று கருதப்பெற்று, அதற்குரிய மருந்துகளே கொடுக்கப்பட்டன. உண்மையில் அது மலக்குடற் புற்றுநோய் என்பது தெரியவந்தபோது நோய் முற்றிவிட்டது. 1923-ஆம் ஆண்டில் தங்கையார் மறைந்தார். உடன்பிறந்தவள் மருத்துவராய் இருந்தும் உயிரைக் காக்க இயலவில்லை. அத்துயரம் அம்மையாரின் உள்ளத்தில் உறுதியாக மாறியது. புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை ஒன்று காணாமல் ஓய்வதில்லை என்று அவர் துணிந்தார்.

அக்காலத்தில் புற்றுநோயைப் பற்றி மக்கள் கொண்டிருந்த எண்ணம் யாது? அது முன்வினைப் பயன் என்றனர் சிலர். தொட்டால் ஒட்டும் என்றனர் சிலர். வந்தால் மரணமே முடிவு என்றனர் பலர். ஆகவே, நோயாளி நோயை மறைத்தார். குடும்பத்தார் ஊரார்க்கு அஞ்சி வாய் திறவாதிருந்தனர். மருத்துவரை நாடிவரும்போது காலம் கடந்திருக்கும். இவ்வாறு நோயினும் கொடியதாய் அறியாமை உயிர்களைக் கவர்ந்தது.

உண்மை வேறு. நம் உடல் எண்ணற்ற உயிரணுக்களால் ஆனது. அவை தேவைக்கேற்பப் பெருகி, உரிய காலத்தில் அழியும். இவ்வொழுங்கு குலைந்து, சில அணுக்கள் கட்டுக்கடங்காது பெருகுவதே புற்றுநோய். அது ஓரிடத்தில் தோன்றி நாளடைவில் பிற உறுப்புகளுக்கும் பரவும். நோயாளியைத் தொடுவதாலோ, உடனிருந்து உண்பதாலோ அது ஒட்டுவதில்லை. ஆறாத புண், புதிதாய்த் தோன்றிய கட்டி, வழக்கத்துக்கு மாறான குருதிப்போக்கு ஆகியவற்றைக் கண்டவுடன் மருத்துவரிடம் காட்டவேண்டும். தொடக்கத்திலேயே கண்டறியப்பெறும் புற்றுநோய்களுள் பல குணமாக்கத் தக்கவை. முற்றிய நிலையிலும் வலியைத் தணித்து ஆறுதல் அளிக்க மருத்துவத்தால் இயலும்.

அம்மையார் 1925-ஆம் ஆண்டில் இலண்டன் சென்று மேற்பயிற்சி பெற்றுத் திரும்பினார். 1926-ஆம் ஆண்டின் இறுதியில் சென்னைச் சட்டசபை உறுப்பினராக நியமிக்கப்பெற்று, அதன் துணைத்தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பெற்றார். கோயில்களில் பெண்களைத் தேவதாசிகளாக்கும் வழக்கத்தை ஒழிக்க அரும்பாடுபட்டார். அம்முயற்சி 1947-ஆம் ஆண்டில் சட்டமாய் முழுமை பெற்றது. காந்தியடிகள் சிறைப்பட்டதையொட்டி, 1930-ஆம் ஆண்டில் தம் பதவியைத் துறந்தார். ஆதரவற்ற பெண்களுக்கென அவ்வை இல்லத்தை நிறுவினார்.

இத்துணைப் பணிகளுக்கிடையிலும் அவர் தம் உறுதியை மறந்தாரில்லை. குணமாகாத நோய்க்கு மருத்துவமனை எதற்கு என்று எண்ணியோர் பலர். அம்மையார் தளரவில்லை. இந்திய மாதர் சங்கத்தின் சார்பில் புற்றுநோய் நிவாரண நிதி ஒன்றைத் தொடங்கிப் பொருள் திரட்டினார். தம் மைந்தர் மருத்துவர் கிருஷ்ணமூர்த்தியைப் புற்றுநோய் மருத்துவம் பயில வெளிநாட்டுக்கு அனுப்பினார். 1952-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 10-ஆம் நாள், பிரதமர் நேரு அடையாற்றில் மருத்துவமனைக்கு அடிக்கல் நாட்டினார். 1954-ஆம் ஆண்டு சூன் 18-ஆம் நாள் புற்றுநோய் நிலையம் பணியைத் தொடங்கியது. அன்று அங்கிருந்தவை 12 படுக்கைகளே. கிருஷ்ணமூர்த்தி பொறுப்பேற்றார், மறு ஆண்டில் மருத்துவர் சாந்தா வந்து சேர்ந்தார்.

அறுவை, கதிர்வீச்சு, மருந்து ஆகிய மூன்றையும் நோயின் இயல்புக்கேற்ப இணைத்தளிக்கும் முறை அங்கு வளர்ந்தது. பொருளற்றோர்க்கு இலவச மருத்துவம் கிடைத்தது. சிகிச்சை முடிந்து வீடு திரும்பியோரும் குறித்த காலத்தில் மீண்டும் வருமாறு அறிவுறுத்தப்பட்டனர். நோய் மீண்டும் தலைதூக்கினால் உடனே அறிவதற்கு அது உதவியது. மேலும், பலருடைய நலத்தைப் பல ஆண்டுகள் குறித்துவைத்தால்தான் எந்தச் சிகிச்சை சிறந்தது என்பது புலனாகும். ஆகவே, தவறாது வந்து தம் நிலையைக் கூறும் நோயாளி, தமக்கு மட்டுமன்றிப் பின்னர் வருவோர்க்கும் நலம் செய்பவர் ஆகிறார். ஆராய்ச்சியின் வேர் இதுவே.

1956-ஆம் ஆண்டில் அம்மையார்க்குப் பத்ம பூஷண் விருது வழங்கப்பெற்றது. 1968-ஆம் ஆண்டு சூலை 22-ஆம் நாள் அவர் இவ்வுலக வாழ்வை நீத்தார். அவருக்குப் பின்னும் நிலையம் தளராது வளர்ந்தது. மருத்துவர் சாந்தா 2021-ஆம் ஆண்டில் மறையும்வரை அதற்கே தம் வாழ்நாளை ஈந்தார்.

துன்பம் எல்லோர்க்கும் வருவதே. அத்துன்பம் பிறர்க்கு வாராதிருக்க வழி காண்போர் சிலரே. அச்சிலருள் ஒருவர் முத்துலட்சுமி அம்மையார். நோயை மறையாது உரைப்பதும், அஞ்சாது அறிவதும், நோயுற்றாரை ஒதுக்காது அணைப்பதும் அவர் வழி நிற்போர் செய்யத்தக்க கடமைகளாகும்.