ஊர் ஆட்சியை ஊராரிடம் கொடுக்கப் போராடிய ரிப்பன் பிரபு

கொல்லிமலையில் சோளக்காடு என்று ஓர் ஊர் இருக்கிறது. பலாப்பழம், அன்னாசி, வாழைத்தார் என்று மலையில் விளைவதெல்லாம் அங்கே சந்தைக்கு வரும்.

சந்தை கூடினால் போதுமா? வந்தவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் வேண்டும். இருட்டினால் விளக்கு வேண்டும். குப்பையை அள்ள ஆள் வேண்டும்.

இதையெல்லாம் யார் பார்ப்பது? எங்கோ தலைநகரில் இருக்கும் அதிகாரியா? ஊர்க்காரர்களே தேர்ந்தெடுத்த சபையா?

இன்று இதற்குச் சிறு பிள்ளையும் பதில் சொல்லும். ஆனால் 140 ஆண்டுகளுக்கு முன்பு, இந்தக் கேள்விக்காக ஒரு வைசிராய் தம் சொந்த அதிகாரிகளோடு மல்லுக்கு நின்றார்.

அவர்தான் ரிப்பன் பிரபு.

பிரதமர் வீட்டுப் பிள்ளை

ரிப்பன் பிரபு 1827-ம் ஆண்டு அக்டோபர் 24-ந் தேதி லண்டனில் பிறந்தார். அப்போது அவருடைய தகப்பனார்தான் இங்கிலாந்தின் பிரதமர். பிரதமரின் மாளிகையிலேயே குழந்தை பிறந்தது.

அவர் பள்ளிக்கூடம் போகவில்லை. கல்லூரிக்கும் போகவில்லை. வீட்டிலேயே ஆசிரியர்களிடம் படித்தார்.

செல்வத்தில் பிறந்தாலும் அவருடைய மனம் ஏழைகள் பக்கமே சாய்ந்தது. தொழிலாளர்களுக்காக உழைத்த நண்பர்களோடு இளமையிலேயே சேர்ந்துகொண்டார். பிறகு பார்லிமெண்டு உறுப்பினர் ஆனார். மந்திரியும் ஆனார்.

1874-ம் ஆண்டில் அவர் கத்தோலிக்க மதத்தில் சேர்ந்தார். அந்தக் காலத்து இங்கிலாந்தில் கத்தோலிக்கர்களைப் பலர் சந்தேகத்தோடு பார்த்தார்கள். அவருடைய அரசியல் வாழ்வு முடிந்தது என்றே பலர் நினைத்தார்கள்.

ஆனால் 1880-ம் ஆண்டில் கிளாட்ஸ்டன் பிரதமரானதும், ரிப்பனை இந்தியாவுக்கு வைசிராயாக அனுப்பினார்.

தலையாட்டும் சபைகள்

ஊராட்சி நமக்குப் புதியதல்ல. உத்திரமேரூரில் குடவோலை போட்டு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்த முறையைச் சோழர் காலத்துக் கல்வெட்டுகள் சொல்கின்றன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய செய்தி அது.

வெள்ளைக்காரர் ஆட்சியிலும் நகரசபைகள் இருந்தன. சென்னை மாநகராட்சி 1688-ம் ஆண்டிலேயே ஏற்பட்டது. சேலம் நகரசபை 1866-ம் ஆண்டில் வந்தது.

ஆனால் வெளியூர்ச் சபைகளில் பெரும்பாலும் அதிகாரிகள் வைத்ததே சட்டம். உறுப்பினர்களைச் சர்க்காரே நியமிக்கும். அவர்கள் வருவார்கள், தலையாட்டுவார்கள், போவார்கள்.

இது ரிப்பனுக்குப் பிடிக்கவில்லை.

1882, மே 18

அன்று ரிப்பனின் அரசாங்கம் ஒரு தீர்மானத்தை வெளியிட்டது. உள்ளூர் ஆட்சிக்கு அஸ்திவாரம் போட்ட தீர்மானம் அது.

சபைகளின் எல்லை சிறியதாக இருக்க வேண்டும். அப்போதுதான் உறுப்பினருக்கு ஊரின் குறை தெரியும். சபையில் அதிகாரிகள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக்கூடாது. முடிந்த இடங்களில் தேர்தல் நடத்த வேண்டும். தலைவரும் கூடியவரையில் அதிகாரியாக இருக்கக்கூடாது. இவை அதன் முக்கிய அம்சங்கள்.

அதிகாரிகள் பலர் முகம் சுளித்தார்கள். ஜனங்களுக்கு விவரம் போதாது, வேலை கெட்டுவிடும் என்றார்கள். பம்பாய் சர்க்கார் கடுமையாக ஆட்சேபித்தது.

ரிப்பன் அசையவில்லை. முதலில் வேலை கொஞ்சம் கெட்டாலும் பரவாயில்லை, தங்கள் காரியத்தைத் தாங்களே பார்க்க ஜனங்கள் பழக வேண்டும் என்பது அவர் கட்சி. தண்ணீரில் இறங்காமல் யாருக்கு நீச்சல் வரும்?

1884-ம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் புதிய சட்டங்கள் வந்தன. ஜில்லா போர்டு, தாலுகா போர்டு, சிற்றூர்களுக்கு யூனியன் என்று மூன்று படிகள் ஏற்பட்டன.

சொந்த இனத்தாரின் கோபம்

1883-ம் ஆண்டில் இன்னொரு புயல் கிளம்பியது. வெளியூர்களில் வெள்ளைக்காரர் மீதான வழக்குகளை இந்திய நீதிபதிகளும் விசாரிக்கலாம் என்று இல்பர்ட் மசோதா சொன்னது. இந்தியாவில் இருந்த வெள்ளைக்காரர்கள் கொதித்து எழுந்தார்கள். ரிப்பனைத் தூற்றினார்கள். கடைசியில் அவர் பாதி விட்டுக்கொடுக்க நேர்ந்தது.

ஆனால் 1884-ம் ஆண்டின் இறுதியில் அவர் புறப்பட்டபோது, கல்கத்தாவிலிருந்து பம்பாய் வரையில் இந்திய ஜனங்கள் திரள் திரளாக வந்து வழியனுப்பினார்கள். ரிப்பன் என்ற பெயரோடு அப்பன் என்ற சொல்லைச் சேர்த்துச் சென்னை ஜனங்கள் அவரைக் கொண்டாடினார்கள்.

அரைக்கிணறு

அவர் எண்ணியதெல்லாம் நடந்ததா? இல்லை. அரைக்கிணறுதான் தாண்ட முடிந்தது.

ஓட்டு, வரி கட்டும் சிலருக்கே கிடைத்தது. ஏழைகளுக்கு இல்லை, பெண்களுக்கும் இல்லை. ஜில்லா போர்டுகளில் கலெக்டரே வெகு காலம் தலைவராக இருந்தார்.

ஆனாலும் அவர் சொன்ன பழக்கம் வந்தது. 1917-ம் ஆண்டில் சேலம் நகரசபைத் தலைவர் நாற்காலியில் ராஜாஜி உட்கார்ந்தார். நாட்டை ஆளப்போகிறவர் ஊரை ஆண்டு பழகினார்.

வைசிராய் மேயர் ஆனார்

ஊர் திரும்பிய ரிப்பன் மீண்டும் மந்திரி ஆனார். 1895-ம் ஆண்டில் அவர் ஒரு சிறிய பதவியையும் ஏற்றார். தம் சொந்த ஊரான ரிப்பன் நகருக்கு மேயர் ஆனார்!

கோடிக்கணக்கான ஜனங்களை ஆண்டவர், சின்ன ஊரின் சபையில் தலைவராக உட்கார்ந்தார். ஊர் வேலையை அவர் ஒருநாளும் தாழ்வாக நினைக்கவில்லை.

1909-ம் ஆண்டு ஜூலை 9-ந் தேதி அவர் காலமானார். சென்னை மாநகராட்சியின் வெள்ளை மாளிகை 1913-ம் ஆண்டில் திறக்கப்பட்டது. ரிப்பன் மாளிகை என்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

அவர் விட்ட மீதிக் கிணற்றைச் சுதந்திர இந்தியா தாண்டியது. 1993-ம் ஆண்டில் பஞ்சாயத்துகளுக்கு அரசியல் சட்டத்திலேயே இடம் கிடைத்தது. தமிழ்நாட்டு உள்ளாட்சி இடங்களில் பாதியைப் பெண்களுக்கு ஒதுக்கி 2016-ம் ஆண்டில் சட்டம் வந்தது.

கொல்லிமலையிலும் இன்று வாழவந்தி நாடு, குண்டூர் நாடு என்று ஊராட்சிகள் இருக்கின்றன. மலைவாழ் பெண்மணியும் தலைவராகலாம். சோளக்காட்டுச் சந்தையில் விளக்கு எரியவில்லை என்றால், அதை எழுந்து கேட்க அங்கே கிராம சபை இருக்கிறது.

கேட்கத்தான் நாம் போகவேண்டும்.