தரையில் போர் நடத்தியவர்

விஞ்ஞானக் கதைகளால் உலகப் புகழ் பெற்ற எச். ஜி. வெல்ஸ், 1866இல் இங்கிலாந்தின் பிராம்லியில் ஒரு சிறு கடைக்காரரின் மகனாகப் பிறந்தார். சிறுவயதில் கால் முறிந்து கிடந்தபோது நூல்களே அவருக்குத் துணையாயின. பின்னர்த் துணிக்கடையில் தொழில் பழகினார். ஹக்ஸ்லியிடம் உயிரியல் கற்றார். 1895இல் 'கால யந்திரம்' எழுதிப் பெயர் பெற்றார்.

அத்தகைய பேரறிஞர், நண்பர்களோடு தரையில் அமர்ந்து ஈயச் சிப்பாய்களை அணிவகுத்து விளையாடினார் என்றால் வியப்பன்றோ! 1913இல் 'சிறிய போர்கள்' என்னும் நூலில் அவ்விளையாட்டுக்கு விதிகளும் வகுத்தார். காலாள் ஓரடி நகரலாம். குதிரை வீரன் இரண்டடி. பொம்மைப் பீரங்கி சிறு மரக்குண்டை எறியும். பூதங்களும் மந்திரவாதிகளும் பொருதும் பிற்கால மேசை விளையாட்டுகளுக்கு அந்நூல் ஒரு முன்னோடி.

பதுளையை அடுத்த எங்கள் ஸ்பிரிங்வெளியில், வண்ணம் உதிர்ந்த பழைய பொம்மை வீரர்களைத் தேடியெடுத்துப் புது வண்ணம் தீட்டுவது என் பொழுதுபோக்கு. தூரிகை பட்டதும் அவர்கள் மீண்டும் களத்துக்கு ஆயத்தமாகி விடுகின்றனர்.

மெய்யான போரின் மடமையை இவ்விளையாட்டே உணர்த்தும் என்று வெல்ஸ் வாதிட்டார். மறு ஆண்டே உலகப் போர் மூண்டது. அந்த 1914இல் தாம் கதையில் கற்பனை செய்த அணுகுண்டு, 1945இல் மெய்யாகவே இரு நகரங்களை அழித்ததையும் கண்ட பின்னரே, 1946இல் அவர் மறைந்தார். வீழ்ந்த பொம்மையை எழுப்பி நிறுத்தலாம். வீழ்ந்த மனிதனை எழுப்ப எந்தத் தூரிகையாலும் இயலாது.